என் புரோகிராமில் கை வைத்தவளைக் கட்டிக்கொள்ளப் போகும் மகனுக்கு

கண்ணு,

நீ எழுதிய இரண்டு கடிதங்களும் கைக்கு வந்தன. முதலாவதில், தமயந்தியைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறாய், நான் சரி என்று சொன்னால்தான் மேற்கொண்டு பேசுவாய் என்று எழுதியிருந்தாய். இரண்டாவதில், முதல் கடிதம் கிடைத்ததா இல்லையா என்று கேட்டிருந்தாய். கிடைத்தது. தபால்காரர் மேல் பழி போட வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை நான் மலையிலிருந்து இறங்கி ஒடுகத்தூர் வீட்டுக்குள் காலை வைப்பதற்குள் உன் அப்பா பிடித்துக்கொண்டார். "இன்னாமே, புள்ள கேட்டுக்கினு கீறான், நீ இன்னாடான்னா வாயத் தொறக்க மாட்டேன்ற. புடிக்குதுன்னு சொல்லு, இல்ல புடிக்கலன்னு சொல்லு. மாமியா வேலய இப்பவே ஆரம்பிச்சிட்டியா?" என்றார். கடலை மண்டியில் பேசிப் பேசி, எதையும் ஒரே பேச்சில் முடித்துவிட வேண்டும் அவருக்கு. நான் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன். குளிக்கும்போதுதான் தோன்றியது, இந்தப் பதிலை வாயால் சொல்ல முடியாது, உட்கார்ந்து எழுதத்தான் வேண்டும் என்று. நீளமாகத்தான் இருக்கும். டீ குடித்துவிட்டுப் படி.

உன் அப்பா சொன்னதில் பாதி உண்மை. எனக்குப் பொறாமைதான். சும்மா பொறாமை இல்லை, வயிறு எரிகிறது. நான் பொறாமைக்காரி என்பது நம் வீட்டில் புதுச் செய்தியும் இல்லை. வேலூரில் காலேஜ் படிக்கும்போது கணக்கில் என்னைவிட அதிக மார்க் வாங்கியவளோடு அந்த வருஷம் முழுக்கப் பேசவில்லை. உன் சித்தி வீட்டு முருங்கை காய்த்து, நம் வீட்டு முருங்கை காய்க்காத வருஷம், அவள் கொடுத்தனுப்பிய காயைச் சாம்பாரில் போடாமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். இதெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் மகனை மருமகள் கொண்டுபோய்விடுவாளே என்கிற பொறாமை எனக்கு இல்லை. நீ பத்தாம் வகுப்பிலேயே என் பேச்சைக் கேட்பதை விட்டவன். மெட்ராஸ் போனபிறகு மாதம் ஒரு கடிதம் போட்டால் அதிகம். உன்னை இனிமேல் ஒருத்தி கொண்டுபோக என்ன மிச்சம் இருக்கிறது? அவள் மேல் எனக்கு இருக்கும் பொறாமை வேறு. அவள் என் புரோகிராமில் கை வைத்தாள். வைத்துக் கெடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை, மன்னித்திருப்பேன். நான் வைத்திருந்ததைவிட நன்றாக ஆக்கிவிட்டாள்.

தொலைநோக்கிக் கூடத்தில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. "எங்கம்மா மலை மேல கணக்குப் போடறாங்க" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்துவிடுவாய். கணக்குதான். இன்னின்ன நட்சத்திரங்களை இன்னின்ன நேரத்தில் பார்க்க வேண்டும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் கொடுப்பார்கள். அந்த நேரத்துக்குத் தொலைநோக்கியை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். நட்சத்திரம் இருக்கிற இடம் ஒன்று, காற்று அதை வளைத்துக் காட்டுகிற இடம் ஒன்று, தொலைநோக்கி உட்கார்ந்திருக்கும் கோணத்தால் தெரிகிற இடம் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் திருத்தம் போட்டால்தான் நட்சத்திரம் கண்ணில் படும். முதலில் கையால் போட்டேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல், ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு ஃபார்ட்ரான் என்கிற கம்ப்யூட்டர் பாஷையைக் கற்றுக்கொண்டு, அந்தக் கணக்கையெல்லாம் புரோகிராமாக எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை என்று அட்டைகளில் துளை போட்டுப் பெட்டியில் அடுக்கிப் பெங்களூருக்கு அனுப்ப வேண்டும், விடை வர நாளாகும். அட்டை ஒன்று இடம் மாறினால் எல்லாம் போச்சு. அதனால்தான் நீ சின்னப் பையனாக இருந்தபோது ஒரு நாள் மலை பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை அட்டைப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டு உன்னை நடுவில் உட்கார வைத்தேன். நீ கீழே வந்து சேரும்வரை அந்தப் பெட்டியை முறைத்துக்கொண்டே வந்தாய். அந்தக் குணம் என்னிடமிருந்து வந்ததுதான், உன் அப்பாவைக் குறை சொல்லாதே.

பிறகு மலைக்கே ஒரு மெஷின் வந்தது. என் புரோகிராமும் வளர்ந்தது. நம் தெருவில் ஒவ்வொரு பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும்போதும் ஓர் அறையை ஒட்டவைத்துக் கட்டுகிறார்களே, கடைசியில் சமையலறைக்குப் போக மாட்டுக்கொட்டகை வழியாகப் போக வேண்டியிருக்குமே, அந்த மாதிரி வளர்ந்தது. யார் எது கேட்டாலும் ஒரு மூலையில் சேர்த்துவிடுவேன். "இது முடிந்ததும் நானூற்றுப் பத்தாம் வரிக்குப் போ, அங்கிருந்து எழுபதுக்குத் திரும்பு" என்று வழி போட்டுக்கொண்டே போனேன். புரோகிராமுக்குள் வரும் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும், அது ஆறு இங்கிலீஷ் எழுத்துக்கு மேல் போகக் கூடாது. எனக்குத் தோன்றிய பெயர்களையெல்லாம் வைத்தேன். புளி, சாமை, தேன், பலா. புளி என்றால் அடிவானத்திலிருந்து நட்சத்திரத்தின் உயரம். ஏன் புளி என்றால், அந்த வரியை எழுதிய அன்று ஜன்னலுக்கு வெளியே மலைக்காரர்கள் புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? எனக்குத் தெரியும். என்னைக் கேட்டால் சொல்லப் போகிறேன். எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய பெரிய ஆட்கள்கூடக் கதவைத் தட்டிவிட்டு, "மேடம், ஒரு நிமிஷம்" என்று நிற்பார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

போன வருஷம் ஆனி மாதம் எங்கள் தலைவர் என்னைக் கூப்பிட்டார். புது மெஷின் வரப்போகிறது, அதற்கு மாற்றுவதற்கு முன்னால் என் புரோகிராமை ஒழுங்குபடுத்த வேண்டும், அதற்கு ஒரு பெண் வருகிறாள் என்றார். "செய்யற வேலை மாறவே கூடாது மேடம். இன்னைக்கு என்ன விடை வருதோ, அதே விடைதான் நாளைக்கும் வரணும். உள்ளே இருக்கிறதை மட்டும் யார் வேணும்னாலும் படிக்கிற மாதிரி ஆக்கணும்" என்றார். யார் வேண்டுமானாலும் என்ற சொல் எனக்குச் சோற்றில் கல் கடித்த மாதிரி இருந்தது. என் வீட்டை ஒழுங்குபடுத்த வெளியிலிருந்து ஒருத்தியா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் வந்துவிட்டேன்.

வந்தாள். கலசப்பாக்கம் பெண், அப்பா நெல் விவசாயம், மெட்ராஸில் படித்தவள் என்பதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இறுக்கிப் பின்னிய சடையும் ரப்பர் செருப்புமாக வந்து நின்றவளைப் பார்த்து, இது ஒரு வாரத்தில் ஓடிவிடும் என்று கணக்குப் போட்டேன். நான் போட்ட கணக்கிலேயே மோசமான கணக்கு அதுதான். முதல் நாளே என் புரோகிராம் முழுவதையும் காகிதத்தில் அச்செடுத்துத் தரையில் விரித்துப் போட்டு, முட்டி போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"மேடம், இந்தப் புளி இன்னாங்க?"

"நட்சத்திரத்தோட உயரம்."

"அப்ப கீழ இருக்கற புளி?"

"அது நேரம். ஒரு தடவை உபயோகிச்ச பெயரை வீணாக்குவானேன்னு இன்னொண்ணுக்கும் வெச்சேன்."

"நீங்க இல்லன்னா இது யாருக்குங்க தெரியும்?"

"நான் எங்க போகப் போறேன்?"

அவள் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து அந்த வரியில் ஒரு புள்ளி வைத்தாள், அவ்வளவுதான். சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அவள் வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் நீ இனி அவளோடு வாழப் போகிறேன் என்கிறாய். நானாக இருந்தால் பழையதை மூட்டை கட்டிவிட்டுப் புதிதாக எழுதியிருப்பேன். அவள் ஒரு வரியைக்கூட உடனே தொடவில்லை. பழைய பட்டியல்களையெல்லாம் தேடி எடுத்து, என் புரோகிராமில் ஓட்டி, வந்த விடைகளை அச்செடுத்து வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு சின்ன மாற்றம். ஒரு பெயரை மாற்றுவாள், அல்லது ஒரே வேலையைச் செய்யும் சில வரிகளைப் பிரித்துத் தனியே வைப்பாள். உடனே மறுபடி ஓட்டி, புதுத் தாளைப் பழைய தாளின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்கு எதிராக அழுத்திப் பிடிப்பாள். எண்கள் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே உட்கார்ந்தால்தான் அடுத்த மாற்றம். எங்காவது ஓர் எண் இரட்டையாகத் தெரிந்தால் கடைசியாகச் செய்ததைப் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். மழைக்காலம், தொலைநோக்கியின் கூரை மூடியே கிடந்தது, எனக்கு வேறு வேலை இல்லை. தினமும் காலையில் போய், "இன்னைக்காவது உடைஞ்சுதா?" என்று கேட்பேன். "இல்லீங்க மேடம்" என்பாள். உடைய வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதை நம் ஊர் மாரியம்மன் காதில் வாங்கவே இல்லை.

ஒரு நாள் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "இந்த எடத்துல மட்டும் நீங்க எழுதற மாதிரி இல்லீங்களே மேடம். எதையோ அவசரமா எழுதிட்டு ஓடனா மாதிரி இருக்குது. வூட்ல எதனா கஷ்டமா அன்னிக்கு?" என்று கேட்டாள். குனிந்து பார்த்தேன். நீ காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது குடல்வால் ஆபரேஷனுக்காக வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, அப்போது எழுதிய வரிகள் அவை. புரோகிராம் நின்றுவிட்டது, வேறு யாருக்கும் சரிசெய்யத் தெரியாது என்று என்னைக் கூட்டிப்போக மலையிலிருந்து ஜீப் வந்தது. உன் அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. நான் போனேன். நீ கண் திறந்தபோது அவர்தான் இருந்தார். ஜீப்பில் ஏறும்போது எனக்கு உன்னை நினைத்துக் கவலையாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. என்னைத் தேடி ஜீப் வருகிறது என்றால் சும்மாவா? இதை எவரிடமும் சொன்னதில்லை. கணக்கு வரிகளைப் படித்து அந்த நாளைக் கண்டுபிடித்தவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "இனிமே ஜீப்பு வராதுங்க மேடம்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அடிவயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டின மாதிரி இருந்தது.

சொன்னபடியே ஆனது. கூடத்தில் கடிகாரங்களைப் பார்த்துக்கொள்ளும் அன்வர் பாயை உனக்குத் தெரியும், வாணியம்பாடிக்காரர், சின்ன வயதில் உனக்குப் பிரியாணி கொண்டுவந்து கொடுத்தவர். கடிகாரத்தில் திருத்தம் மாறும்போதெல்லாம் என்னிடம்தான் வருவார். அந்த எண் புரோகிராமில் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஐப்பசியில் ஒரு நாள் வந்தார், கையில் டீயோடு சாவகாசமாக நின்றார். "சலாம் மேடம். கடியாரத் திருத்தம் மாறிச்சு. நானே மாத்திட்டேன்ம்மா. பேரே போட்டு வெச்சிக்குது அந்தப் பொண்ணு, ஒரே எடம்தான்" என்றார். எத்தனை சந்தோஷம் அந்த மனுஷன் முகத்தில்! எத்தனையோ வருஷம் என் கதவுக்கு வெளியே காத்துக்கொண்டு நின்றவர். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த நிலைமையில்தான் நீ வந்து சேர்ந்தாய். தீபாவளி முடிந்து என்னை மலையில் விட்டுவிட்டு அன்றே திரும்புகிறேன் என்று வந்தவன், ஆபீஸ் அறைக்குள் எட்டிப் பார்த்தாய். அவள் ஜன்னலில் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தாள், காற்று அடித்து ஒரு முனை நழுவியது. நீ போய்ப் பிடித்தாய். அதற்குப் பிறகு உனக்கு மெட்ராஸில் வேலை இருப்பதே மறந்துபோனது. நான் வைத்த ரசம் ஆறிப்போனது. இத்தனை வருஷத்தில் என் தாள் ஒன்றைத் தூக்கிக் கொடுக்காதவன், அவளுக்காகக் கை வலிக்க வலிக்க ஜன்னலில் பிடித்துக்கொண்டு நின்றாய். அதுவும் யாருடைய புரோகிராம்? என்னுடையது. உன் காதலுக்கு மூலதனம் நான் போட்டது, லாபத்தில் எனக்குப் பங்கு கிடையாது. இருக்கட்டும்.

இப்போது சொல்லப் போவதுதான் முக்கியம். நீ போன பிறகு நடந்தது, அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். எங்கள் கூடத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. தெற்கே தாழ்வாக இருக்கும் நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டுமென்றால், என் தாள் சொல்லும் இடத்துக்குத் திருப்பிவிட்டு, கொஞ்சம் மேற்கே தள்ள வேண்டும். தொலைநோக்கியின் குழாய் அந்தப் பக்கம் சாயும்போது தொய்கிறது என்பது எங்கள் எல்லோருடைய நம்பிக்கை. எவ்வளவு தள்ள வேண்டும் என்று புதிதாக வருகிறவர்கள் என்னைக் கேட்பார்கள், நான் ஒரு வித்தைக்காரி மாதிரி யோசித்துச் சொல்வேன். தலைவர் விருந்தாளிகளிடம், "எங்க குழாயோட குணம் இந்த மேடத்துக்குத்தான் தெரியும்" என்று பெருமையடிப்பார். மார்கழியில் ஒரு மத்தியானம் நான் குவார்ட்டர்ஸ் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தேன். தமயந்தி வந்து பக்கத்தில் குந்தினாள்.

"மேடம், தெக்கால தாழ போனா கொழா தொங்குதுன்னு சொல்றாங்களே, அது யாருங்க மொதல்ல சொன்னது?"

"நான்தான். ஏன்?"

"கொழா தொங்கலீங்க மேடம்."

முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவள் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. தொலைநோக்கி உட்கார்ந்திருக்கும் கோணத்துக்கான திருத்தத்தை நான் என் புரோகிராமில் மூன்று இடங்களில் தனித்தனியாக எழுதியிருந்தேன். ஒவ்வொரு தடவை தேவைப்பட்டபோதும் முன்பு எழுதியதையே பார்த்துப் படி எடுத்து வைத்துவிட்டேன். நடுவில் ஒரு வருஷம் தொலைநோக்கியின் கண்ணாடியைக் கழற்றி முலாம் பூசி மறுபடி மாட்டினார்கள், கோணம் கொஞ்சம் மாறிவிட்டது. புது எண்ணை இரண்டு இடங்களில் போட்டேன். மூன்றாவதை மறந்துவிட்டேன். அந்த மூன்றாவது, தெற்கே தாழ்வாக இருக்கும் நட்சத்திரங்களுக்கு மட்டும் வேலை செய்வது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அத்தனை வருஷமும் நான் குழாயின் மேல் பழி போட்டு, அந்தப் பழிக்கு நானே வைத்தியமும் சொல்லி, பெயரும் வாங்கியிருக்கிறேன்.

"இது எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"தீபாவளிக்கு முன்னாடியேங்க. மூணு எடத்தையும் ஒரே எடமா ஆக்கும்போது பாத்தேன்."

"அப்ப ஏன் திருத்தல? தலைவர்கிட்ட சொன்னியா?"

"இல்லீங்க. நான் வந்தது ஒழுங்கு பண்ண. விடை மாறக் கூடாதுன்னு தானே சொன்னாங்க? அதனால அந்த மூணாவதுக்கு மட்டும் பழைய எண்ணே போற மாதிரி வெச்சிருக்கறேன். ஒழுங்கு பண்றதையும் திருத்தறதையும் ஒண்ணாப் பண்ணா, அப்புறம் எதனால எது மாறுச்சின்னு யாருக்கும் தெரியாம பூடும். இப்ப எல்லாம் முடிஞ்சிடுச்சு. இனிமே ஒரே ஓர் எண்தான். அத நீங்க மாத்துங்க மேடம். உங்க புரோகிராமு."

அறிவு இருக்கிறவள் மேல் பொறாமைப்படுவது எனக்குப் பழக்கம், அதை வைத்துக்கொண்டு காலம் தள்ளிவிடலாம். அறிவோடு குணமும் சேர்த்து வைத்துக்கொண்டு ஒருத்தி பக்கத்தில் வந்து குந்தினால் என்ன செய்வது? என் தப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அத்தனை நாளும் என் கேலியைக் கேட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறாள். நானாக இருந்தால் தலைவரின் மேஜையில் கொண்டுபோய் வைத்திருப்பேன். மறுநாள் காலை அந்த எண்ணை என் கையால் மாற்றினேன். தலைவரிடமும் நானே போய், குழாய் நன்றாகத்தான் இருக்கிறது, தொய்ந்தது நான்தான் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். வானம் தெளிந்து தொலைநோக்கியைத் திறந்த பிறகு இன்னொரு கூத்து நடந்தது. எண் சரியாகிவிட்டது, ஆனால் பார்க்கிறவர்கள் பழக்கத்தில் மேற்கே தள்ளிக்கொண்டேதான் இருந்தார்கள். "நட்சத்திரத்தைக் காணோம் மேடம்" என்று அவர்கள் என்னிடம் ஓடிவந்தபோது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

கல்யாணம் கேட்டு எழுதினால் கணக்குப் பாடம் நடத்துகிறாளே என்று நினைப்பாய். அம்மா என்றால் புத்தி சொல்லத்தான் வேண்டும், எனக்குத் தெரிந்த புத்தி இதுதான். ஒரு விஷயத்தை மூன்று இடத்தில் சொல்லி வைக்காதே. அவளிடம் ஒன்றும், என்னிடம் அதையே கொஞ்சம் மாற்றியும், அப்பாவிடம் இன்னொரு மாதிரியும் சொல்லி வைத்தால், உன் மனசு மாறும்போது இரண்டு இடத்தில் மாற்றிச் சொல்லி மூன்றாவதை மறந்துவிடுவாய். அப்புறம் வீடு கோணல் என்பாய். வீட்டுச் சாமானை ஒழுங்குபடுத்துகிற நாளில் அவள் குணத்தைத் திருத்த உட்காராதே. இரண்டில் ஒன்றுதான் ஒரு நாளைக்கு. உனக்கு மட்டும் தெரிந்த இடத்தில் எதையும் வைக்காதே, நீ இல்லாமல் வீடு நடக்கவில்லை என்றால் அதில் பெருமைப்படாதே. இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்று உன் அப்பா சொல்வார். அவர் மண்டிக் கல்லாவின் சாவியை எங்கே வைக்கிறார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, அதை அவரிடம் கேள்.

இத்தனையும் சரி, பதில் எழுத ஏன் இவ்வளவு நாள் என்று கேட்பாய். உன் முதல் கடிதம் வந்த வாரம் தமயந்தியைக் கேட்டேன். "கல்யாணம் ஆனா இன்னா பண்ணப் போற?" என்றேன். "மெட்ராசுக்குப் போயிடுவேங்க. அங்கயும் கம்ப்யூட்டர் வேல இருக்குது, விட மாட்டேன். இங்கதான் எல்லாம் முடிஞ்சிடுச்சே, யார் வேணா பாத்துக்கலாம்" என்றாள். அவள் விட மாட்டேன் என்றதை நினைவில் வைத்துக்கொள், நீயும் விடச் சொல்லாதே. சொன்னால் முதல் பஸ்ஸில் ஏறி மெட்ராஸ் வந்துவிடுவேன். ஆனால் என்னைப் பதில் எழுத விடாமல் பிடித்து வைத்தது அது இல்லை. போயிடுவேங்க என்ற சொல்தான். அன்றைக்கு அறைக்குத் திரும்பி உட்கார்ந்தபோது புரிந்தது. என் வயிற்றெரிச்சலை இத்தனை மாதமும் தப்பான ஆள் மேல் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உன் அப்பா என்னோடு இத்தனை வருஷம் வாழ்ந்தார். நல்ல மனுஷன். நான் மலையில் என்ன எழுதினேன் என்று கேட்டதில்லை. நீ என் வயிற்றில் பிறந்தவன், நீயும் கேட்டதில்லை. விருந்தாளிகள் விடையை வாங்கிக்கொண்டு போனார்கள், தலைவர் பாராட்டிவிட்டுப் போனார். அவள் ஒருத்திதான் தரையில் முட்டி போட்டு, நான் எழுதியதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். எங்கே யோசித்தேன், எங்கே சலித்துப்போனேன், எங்கே அழுதுகொண்டு எழுதினேன் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். எனக்கு இன்னும் வேலை இருக்கிறது, எழுத வரிகள் இருக்கின்றன. இனி நான் எழுதுவதை அப்படிப் படிக்க ஆள் இல்லை. அவள் உன்னைக் கொண்டுபோகிறாள் என்று எனக்கு ஒரு துளிகூடப் பொறாமை இல்லை, கண்ணு. நீ அவளைக் கொண்டுபோகிறாய். ஒரு வரிகூடப் படிக்காதவன், அவளை மலை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போகப் போகிறாய். உன் மேல்தான் எனக்கு வயிறு எரிகிறது.

வைகாசியில் நாள் பார்க்கச் சொல்லி உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். வந்து கூட்டிக்கொண்டு போ.

சம்மதத்தோடும், அதைவிட அதிகமான வயிற்றெரிச்சலோடும்,
அம்மா